இணைந்துள்ள சாதனங்கள்: 2

பங்குனியில் ராமநாதபுரத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர்
ஆடி வரை பூப்போட்ட துண்டுக்குள் கிடந்தது,
ஐஸ் பிளான்ட் கணக்கை மட்டும் ஏற்றுக்கொண்டு
வெளியே ஒன்று இருப்பதே அறியாமல்.

கைபேசியை நம்ப முடியாது தங்கச்சிமடத்தில்.
திடீரென எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
சமையற்கட்டில் நிற்கும் என்னை
இலங்கைக்கு நல்வரவு என்று சொல்லும்.
வரிக் கணக்கு பாதி ஏறிய நிலையில் ஒருமுறை
அப்படித்தான் நாடு மாறினேன்.
முதலாளிக்கு அபராதம். எனக்குப் பேச்சு.

தெலஸ்போர் வந்தான், ஏணியும் ஒரு சுருள் ஒயரும்
பல்லில் கடித்த டேப்புமாக.
"கம்பம் அந்தப் பக்கம்க்கா.
எமல்டாக்கா மாடியைத் தாண்டித்தான் வரணும்."

எமல்டா.
நடுச்சுவர் நாலு விரற்கடை தள்ளிவிட்டதென்று
நாலு வருஷமாய்ப் பேசாதவள்.
பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில்
என்னை விட்டுவிட்டுத் தூணுக்குக் கைகூப்புகிறவள்.

நான் போகவில்லை. அவன்தான் போனான்.
என்ன பேசினானோ,
அரைமணியில் அவள் கொடிக்கம்பியை ஒட்டி
ஒரு கறுப்பு ஒயர் என் சன்னலில் எட்டிப் பார்த்தது.

ரவுட்டர் முன்னறையில், கம்ப்யூட்டர் பின்னறையில்,
இடையே பன்னிரண்டு மீட்டர் நீலக் கேபிள்.
நுனி போட்டும் விளக்கு எரியவில்லை.
பைக்குள் கிடந்த பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது.
"உப்பு" என்றான், வேறொன்றும் சொல்லாமல்.
வெட்டியெறிந்துவிட்டு மறுபடி
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைத் தவிட்டு, தவிட்டு
என்று செபமாலை உருட்டுகிறவன்போல் முணுமுணுத்தான்.
பச்சை ரெண்டையும் ஏன் பிரிக்கிறாய் என்றேன்.
"தெரியலக்கா. அந்த ஜோடிய மட்டும்
பிரிச்சு வச்சாத்தான் வேல செய்யும்."

நெட்டு என்றால் வலைதானே என்று சிரிக்க
எங்கள் தெருவில் ஆள் கிடையாது.
வலை கிலோ எழுநூற்றைம்பது. இது மாதம் நானூறு.
இதில் பொத்தல் விழுந்தால் ஊசியோடு உட்கார முடியாது,
ஏதோ ஒரு நம்பருக்குப் போன் போட்டு
பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

கறுப்புத் திரையில் என்னவோ தட்டினான்.
நான்கு வரி வந்தது:
பதில், பதில், பதில், பதில்.
"கூப்பிட்டா மறுசொல் வருது பாருங்க. அவ்வளவுதான் இன்டர்நெட்."
முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமாமே என்று
ராத்திரி ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன்.
இணைந்துள்ள சாதனங்கள்: 2.
என் கம்ப்யூட்டர்.
அதன் கீழே, எமல்டாவின் போன்.

ஆக, வழிக்குச் சுங்கம் கட்டியிருக்கிறான்,
என் பாஸ்வேர்டில்.
பெயருக்குப் பக்கத்தில் 'தடு' என்றொரு பொத்தான்.
அம்பை அதன்மேல் வைத்தேன்.
சாளையை உரசிக் கழுவ எழுந்து போனேன்.
வந்து, கை நாற்றத்தோடு, மறுபடி வைத்தேன்.

சனிக்கிழமை டோக்கன் போட்டு
விசைப்படகெல்லாம் போயிருந்தன.
ஐஸ் பாரின் எண்ணிக்கை ஏழு உதைத்தது, தேடிக்கொண்டிருந்தேன்.
மணி ஒன்று. எமல்டாவுக்கு நேரே பச்சைப் புள்ளி.
மணி இரண்டு. அதே புள்ளி.
கொஞ்சம் கொஞ்சமாய் ஏறும் ஓர் எண்.
காற்றுப் படமா, மெசேஜா,
அது என் கண்ணுக்கு வராது.
வெளியே கச்சான் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
அவள் வீட்டுக்காரன் போன போட்டு பழசு, ஊருக்கே தெரியும்.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஏழு பாரும் தெருவும் சேர்ந்து இருண்டன.
வீட்டில் பேட்டரிக்கு ஒரே பாயின்ட்,
அதில் ஃபேன்.
பிடுங்கினேன்.
ரவுட்டரைச் சொருகினேன்.

சிவப்பு. வெகுநேரம் சிவப்பு.
கழுத்தில் வியர்வை இறங்க உட்கார்ந்திருந்தேன்.
பிறகு மினுக்கி மினுக்கிப் பச்சை.

சுவருக்கு அந்தப் பக்கம்,
நாலு விரற்கடை தள்ளி,
ஒரு போன் டிங் என்றது.