காத்துக்குக் கழற்றியது

மாங்குளத்தில் ஒட்டுசுட்டான் றோட்டு திரும்பி
மூன்றாவது மின்கம்பத்துக்கு எதிரே என் கராஜ்.
முகட்டுவளையாய்க் கிடப்பது ஒரு தண்டவாளத் துண்டு.
ரயிலைச் சுமந்து, பிறகு பங்கரைச் சுமந்து,
இப்போது என் செயின் புளொக்கைச் சுமக்கிறது.
குறை சொன்னதில்லை.

மாட்டு டொக்டர் அமிர்தலோஜினி
சித்திரை கழிந்த ஒரு செவ்வாய்
ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி
"மேற்கூட்டைக் கழற்றித் தாங்கோ" என்றா.
எழுபத்தெட்டாம் ஆண்டுக் கட்டை ஜீப்.
கூட்டில் ஒழுக்கில்லை, கறளும் பெரிதாயில்லை.
இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன்.
"என்னத்துக்கு?"
"காத்துக்கு."

கண்ணாடிச் சட்டத்தோடு நான்கு போல்ட்,
பக்கத்துக்கு ஆறு, பின்னால் மூன்று.
பத்தொன்பதாவது அசையவில்லை.
டீசல் ஊற்றி, ஒரு பிளேன்ரீ குடித்து வந்து,
கெட்ட வார்த்தை ஒன்றும் சொன்ன பிறகு
அதுவும் வந்தது.
உள்லைற்றின் வயரை உருவி முனையில் ரேப் சுற்றினேன்.
றப்பர் விடவில்லை, நாற்பது வருஷப் பிடி.
தாச்சியிலிருந்து அப்பம் கிளப்புவதுபோல
மேசன் கரண்டி நுனியால்
சுற்றிச் சுற்றி விளிம்பைக் கிளப்பினோம்.

யன்னல்களுக்குள்ளால் நான்கு பட்டி,
மேலே பாலைமரச் சட்டம், நடுவில் கொக்கி.
சங்கிலியை இழுத்தேன். கடகட.
ஒரு விரல் உயரம்.
இடப்பக்கம் சாய்ந்தது;
பீலிக்குள் ஒளித்திருந்த போன மாரித் தண்ணீர்
என் முழங்கையால் வழிந்தது.
இறக்கி, பட்டியை நாலு அங்குலம் பின்னுக்கு எடுத்து,
திரும்ப இழுத்தேன்.
"கீழ போகாத!" மதுசனுக்குக் கத்தினேன்.
நூறு கிலோவுக்குக் கிட்ட.
கீழே நிற்பது யாரென்று கூரைக்குத் தெரியாது.

அப்போதுதான் கவனித்தேன்,
நான் ஒருவரையும் கூப்பிடவில்லை.
தேத்தண்ணிக் கடை ரஞ்சிதமலர் அக்கா
மாக் கையோடு ஒரு மூலையில்.
பஸ்ஸுக்கு நின்ற மனிதர்
பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றில்.
லொத்தர் விற்கும் செபமாலை மூன்றாவதில்.
உள்ளங்கை மேல்நோக்கி, முழங்கால் சற்று மடித்து,
தகர விளிம்பு வெட்டாத இடம் பார்த்து.
நாலாம் மூலையில் மதுசன் மட்டும் பிழையாய்ப் பிடித்தான்.
அவன் எல்லாம் முடிந்த அடுத்த வருஷம் பிறந்தவன்.

அக்கா வெண்கட்டி கேட்டா.
ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் எழுதினா:
கி ஒன்று, கி இரண்டு, மே ஒன்று.
ஜீப்புக்குக் கிழக்கு மேற்கு மாறுமே என்று
நான் சொல்லவில்லை.
எங்கள் வீட்டுச் சிலாகைகளிலும் இதே எழுத்து.
நாலு ஊரில் அந்தப்படியே திரும்ப ஏற்றினோம்.
ஐந்தாவது இடத்தில்
எழுத்து மட்டும் ஞாபகமிருந்தது.

"எங்க கொண்டுபோகப் போறா?"
"ஒரு இடமும் இல்லை. இங்கயே தொங்கும்."
"அப்ப ஏன் கழட்டினது?"
டொக்டரைக் காட்டினேன்.
அவ சீற்றில் ஏறியிருந்து
மேலே ஒன்றுமில்லாத இடத்தைக்
கையால் துழாவிக்கொண்டிருந்தா.
அக்கா கனநேரம் பார்த்தா.
"விசர்" என்றா.
பிறகு, "என்னையும் ஒருக்கா ஏத்தச் சொல்லு."

ஜீப்பைத் தள்ளி வெளியே விட்டோம்.
கூட்டை இன்னும் உயர்த்தி,
செயின் புளொக்கைத் தனியே நம்பாமல்
வேறு இரண்டு சங்கிலி கொழுவி,
றப்பருக்குப் பவுடர் பூசி, தறப்பாள் போர்த்தி,
எலி இறங்காமல் சங்கிலிக்குக் கிறீஸ்.
போல்ட்டுகள் பால்மா ரின்னுக்குள்.
"ஐப்பசிக்கு முதல் வாங்கோ" என்றேன்.

ஆவணியில் நாள் தப்பி ஒரு மழை.
மல்லாவிப் பக்கம் எங்கோ நின்று போன் எடுத்தா.
இரைச்சலுக்குள் சிரிப்போ, நடுக்கமோ, தெரியவில்லை.
"கூடு எப்படியிருக்கு?"

அண்ணாந்து பார்த்தேன்.
"நனையேல்லை டொக்டர்."