பதினேழு நிமிடம்

மஞ்சக்குப்பத்தில் நான் ஏறும்போது
பேருந்துக்குள் விவாகரத்து நடந்துகொண்டிருந்தது.

நடிகை நிவந்தனாவுக்கும்
ஏதோ கம்பெனி முதலாளியான அவள் கணவனுக்கும்.
அமலோற்பவம் அவள் பக்கம்.
ஸ்டோர்ஸ் குணாளன் அவன் பக்கம்.
டிரைவர் குழந்தை பக்கம்.
குழந்தை இருக்கிறதா என்பதே
இன்னும் உறுதியாகவில்லை.

"உச்சத்துல இருக்கறப்ப எவளாவது
நடிப்ப விட்டுட்டு மலையில போயி
காப்பிக்கொட்ட காயவெப்பாளா?"
கெடிலம் பாலத்தில் வண்டி ஏறுகையில்
தினமும் இந்தக் கேள்வியும் ஏறும்.
கீழே ஆகாயத்தாமரை.
தண்ணீர் அதற்கடியில் எங்கோ.

எனக்கும் ஒரு தீர்ப்பு உண்டு.
சொல்வதில்லை.
வாயில் ஹேர்பின்.

என் வேலை எடை பார்ப்பது.
மாத்திரை ஒன்றுக்கு இருநூற்றைம்பது மில்லிகிராம்.
தராசு கண்ணாடிக் கூண்டுக்குள்;
பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலும் எண் ஓடும்.
புள்ளிக்குப் பின்னால் நாலாவது எண்
ஆடி அடங்கும்வரை கைகட்டி நிற்கணும்.
பதினோரு வருடமாய் அந்த நிற்றலுக்குத்தான்
சம்பளம் வாங்குகிறேன்.
பிடிக்குமா என்றால் பிடிக்கும்.
உயிரா என்றால் இல்லை.
ரெண்டு மணிக்குக் கையுறை கழற்றினால்
அதோடு சரி.

போன ஆனியில் மேனேஜர் நாற்காலி வந்தது.
தனி அறை, ஏசி, மாதம் ஒன்பதாயிரம் கூட,
அத்தனை பேர் தப்புக்கும் என் கையெழுத்து.
"அஞ்சு வருஷம் கழிச்சு
உங்கள எங்க பாக்கறீங்க?"
ஹெட் ஆபீஸிலிருந்து வந்த பையன் கேட்டான்.
நிஜமாகவே யோசித்தேன்.
"மத்தியானம் ரெண்டரைக்கு, வீட்ல" என்றேன்.
பேனாவுக்கு அவன் மூடி போட்ட சத்தம்
நன்றாகக் கேட்டது.

ரெண்டரைக்கு வீட்டில் அப்படி என்ன என்பாள் அண்ணி.
நாலு கவளை மீன் பொரிப்பேன்.
சாப்பிட்டுப் படுப்பேன்.
முனிசிபல் குழாய் இருமும் சத்தத்துக்கு எழுந்து
குடம் வைத்துவிட்டு
மறுபடி படுப்பேன்.
இதை எப்படி விண்ணப்பத்தில் எழுதுவது?

மறுநாள் லீவு போட்டிருந்தேன்.
நான் ஏறாத அந்த வண்டியில்
நான்தான் ஏறியிருந்தேனாம்.
குணாளன் வாய்தவறிச் சொன்னது.

லாரன்ஸ் ரோடு வரைக்கும் என் வேலை:
கிறுக்கு, திமிர், பயம் என்று மூன்று கட்சி.
அதைத் தாண்டியதும் என் வயசு.
முப்பத்தெட்டு.
அமலோற்பவம் நாற்பத்தொன்று என்றிருக்கிறாள்.
முதுநகர் வருமுன் கல்யாணம்,
நடக்காதது.
நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் யாரோ ஒருத்தனை
எனக்கென்று ஒதுக்கியும் விட்டார்கள்.
நெல்லிக்குப்பத்தில் எனக்குத் தெரிந்தது
ஒரு பல் டாக்டர்.
அவருக்கும் எழுபது வயசு.

பச்சையாங்குப்பத்தில் சிப்காட் வாடை அடிக்கவும்
ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ள
நான் முடிந்துபோனேன்.
கணக்குப் பார்த்தால் பதினேழு நிமிடம்.
நிவந்தனாவுக்கு ஒரு மாதமாய் ஓடுகிறது.

கோபம் வரவில்லை என்றால் பொய்.
வந்த கோபத்துக்குப் பின்னாலேயே
இன்னொன்றும் வந்து நின்றது:
பதினேழுதானா?

அன்று ராத்திரி அவள் படத்தை
போனில் விரித்து விரித்துப் பார்த்தேன்.
சாக்குமேல் கொட்டை பரப்பிக் குந்தியிருக்கிறாள்.
புறங்கையில் மண்.
படத்துக்காகப் பூசிக்கொண்டதோ என்னமோ.
நகத்தைப் பார்த்தேன்.
ஒட்ட வெட்டியிருந்தாள்,
எங்கள் பிளான்ட்டில் வெட்டச் சொல்கிற அளவுக்கு.
போனைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கினேன்.

இன்றைக்கும் அதே பாலம்.
"அவளுக்கு மூள பெசகிடுச்சு" என்றான் குணாளன்.

ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்தேன்.
"அந்தாளு முழியே சரியில்ல,
கல்யாண போட்டோவுலயே தெரிஞ்சுது."

வண்டியே திரும்பிப் பார்த்தது.
அமலோற்பவம் பையை மடியில் எடுத்துக்கொண்டு
ஜன்னல் பக்கம் நகர்ந்து
எனக்கு இடம் விட்டாள்.