மலைக்கும் கோட்டைக்கும் நடுவில்

செஞ்சிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு.
ராஜகிரி ஏறி, உச்சியில்
எலுமிச்சைச் சாதம் தின்பதென்று
மூன்று மாதமாகப் பேசினோம்.
பூவராகன் ஷூ வாங்கியிருந்தான்,
அடியில் பல் பல்லாக
டிராக்டர் டயர் மாதிரி.

நாலரைக்கு வரவேண்டிய வேன்காரர்
ஐந்தே காலுக்குப் போனை அணைத்தார்.
செம்மண்டலம் முனையில்
நான்கு பேர், மூன்று டிபன் பாக்ஸ்,
கொட்டாவி விடும் ஒரு நாய்.

ஜெனோவாதான் சொன்னாள்:
நம்ம ஊர்லயே மலை இருக்கு,
கோட்டையும் இருக்கு.
என்ன, ரெண்டும் ஒரே இடத்துல இல்ல.

கேப்பர் மலையா, என்றான் ஹபீப்.
அது மலைன்னு அதுக்குத் தெரியுமா?

ஏறினோம்.
ஏறினோம் என்பது பெரிய வார்த்தை.
தார்ச்சாலை கொஞ்சம் சாய்ந்துகொண்டது,
நாங்கள் மரியாதைக்கு மூச்சு வாங்கினோம்.
செம்மண் வெட்டிய பள்ளங்களில்
டீ நிறத்தில் மழைத்தண்ணீர்.
தாழ்ந்த முந்திரிக் கிளையொன்று
ஹபீபின் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தது.
பூவராகனின் ஷூவுக்கு மட்டும்
வேலையே இல்லை.

மேலே சுவர் வந்தது.
நெடுஞ்சுவர், மூலையில் காவல் கோபுரம்,
கோபுரத்தில் துப்பாக்கியோடு ஒருவர்
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பாருங்கடா, மலைக்கோட்டை, என்றேன்.
நாலு பேரும் சிரித்தோம்.
மூன்று பேர் என்று
இப்போது திருத்திக்கொள்கிறேன்.

ஜெயிலுக்கு எதிரே டீக்கடை.
கிளாஸ் கழுவியபடி அந்த அக்கா
மனு பாக்க வந்தீங்களா, என்றாள்.
என்ன மனு, எந்த ஆபீஸ் என்று
நாங்கள் முழிப்பதற்குள்
ஞாயித்துக்கிழமை மனு கிடையாதேக்கா,
என்றான் பூவராகன்,
பஸ் நேரம் சொல்வதுபோல,
கொதிக்கும் பாலைப் பார்த்துக்கொண்டு.
அக்கா நிமிர்ந்தாள்.
பிறகு அவன் டீயில் மட்டும்
கேட்காமலே சர்க்கரையைக் குறைத்தாள்.

ஆறு வருஷச் சிநேகம்.
அவன் ரத்த வகை தெரியும்,
வண்டிக்கு எத்தனை தவணை பாக்கி என்று தெரியும்.
அண்ணன் திருப்பூரில் என்று சொல்லியிருந்தான்.
தீபாவளிக்குத் தீபாவளி
பனியன் கம்பெனி லீவு தரவில்லை.
நாங்களும் வருஷாவருஷம்
அந்த முதலாளியைத் திட்டினோம்.

இறங்கும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதற்கும்
கால் வலிக்கிறது.
திருப்பாப்புலியூர் கூட்டத்தில்
ஜெனோவா அவன் பையை வாங்கித்
தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.
கெடிலம் பாலத்தில் நின்றோம்.
ஆற்றில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரை அதிகம்.
அதற்கு மேல் ஒரு கொக்கு
நடந்தே அக்கரை போனது.

தேவனாம்பட்டினத்தில் கோட்டை என்பது
செங்கல் சுவர் கொஞ்சம்,
அதைப் பிளந்து வளரும் ஆலங்கன்று,
மிச்சத்துக்குக் கடற்காற்று.
ஹபீப் கதை ஆரம்பித்தான்:
வெள்ளைக்காரன் இதை வாங்கும்போது
பீரங்கி வெடித்துக்
குண்டு விழும் தூரம்வரை நிலம் என்று பேச்சாம்.
எனக்குத் தெரியாதா,
நான் குண்டு உப்பலவாடிக்காரி.
எங்கள் ஊரின் பெயரிலேயே
அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது.

இங்கேயிருந்து சுட்டா
மலை வரைக்கும் போயிருக்குமா,
என்றான் பூவராகன்.
காலையிலிருந்து அவன் கேட்ட ஒரே கேள்வி.

போகாது, என்றான் ஹபீப்.
அவனுக்குக் கணக்கு முக்கியம்.
போயிருக்கும், என்றாள் ஜெனோவா.

இடிந்த சுவரில் உட்கார்ந்து
எலுமிச்சைச் சாதம் பிரித்தோம்.
உப்பு போட மறந்திருந்தேன்,
யாரும் சொல்லவில்லை.
அவன் ஷூவைக் கழற்றித் தட்டினான்.
மலையின் சிவப்பு மண்
கடற்கரையின் வெள்ளை மணலில் உதிர்ந்தது.
காற்று உடனே கலைத்துவிட்டது.

இன்னொரு நாள் செஞ்சி போகலாம்டா, என்றேன்.

போலாம், என்றான்,
சாதத்திலிருந்து ஒரு விதையைப் பொறுக்கியபடி.
செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம்.

சரி என்றோம் மூவரும்,
தேவைக்குக் கொஞ்சம்
சத்தமாகவே.