பதினேழு

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ மூன்று நாள் சுற்றியது.
பேர் கேட்க மாட்டோம், ஊர் கேட்க மாட்டோம்,
காட்டோரம் போட்டுவிட்டுப் போங்கள்.
நான்காம் நாள் விடியலில்
சிக்ககல் முனியப்பன் வேலுக்கடியில்
விறகுக்கட்டு மாதிரிக் கிடந்தன.

எண்ணுவது என் வேலை.
அஞ்செட்டி ஸ்டேஷன் ரைட்டர் ரேணுகா,
பேனா பிடித்தே விரல் காய்த்தவள்.
பதினேழு.
மூன்றுக்குக் குதிரை இல்லை.
ஒன்றின் குழல் பழைய தண்ணீர்க் குழாய்.
ஒன்றில் மருந்து இடித்து, நார் அடைத்து, கேப் வைத்து
அப்படியே இருந்தது.
புது எஸ்.ஐ. அதைத்தான் எடுத்துத்
தோளில் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.
காலித் துப்பாக்கின்னு ஒன்னு கிடையாது சார் என்று
குழலை மெல்ல மண்மேட்டுப் பக்கம் திருப்பினேன்.
கை நடுங்கியது எனக்குத்தான்.

மதியத்துக்குள் போனில் வந்துவிட்டது:
கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி!
ஒரே இரவில் ஆயிரத்து எழுநூறு பறிமுதல்!
உடனே பகிரவும்.
படத்தில் வரிசையாகத் துப்பாக்கிகள்,
அடியில் வெள்ளைவெளேரென்று பனி.
சுண்ணாம்பு மூட்டை கிழிந்தால் தவிர
அஞ்செட்டியில் தரை எப்போது வெளுத்தது?

ஓசூரில் இருக்கும் கொழுந்தனார் வேறு கட்சி.
துப்பாக்கி வைத்திருக்கும் ஊரில்
சாவு எண்பது சதவீதம் குறைவாம்.
எதில் எண்பது, எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டேன்.
கும்பிடுகிற கை ஒன்று அனுப்பினார்.

விடவில்லை நான். அடித்தேன்:
எண் என்றால் யாரோ ஒருவர்
குனிந்து எண்ணியிருக்க வேண்டும்
அங்கேயே நின்றுவிட்டது விரல்.

போன மார்கழி, கேழ்வரகு முற்றிய வாரம்.
கொல்லைக்குள் சரசரப்பு.
பரண்மேல் இருந்த லகுமப்பா
சத்தத்தைச் சுட்டான்.
பேட்டரி லைட் இடுப்பில்தான் இருந்தது;
அடித்தால் பன்றி ஓடிவிடும்.
கம்பளி போர்த்திக் குனிந்து
காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தான்
புட்டசாமி,
தங்கை புருஷன்.

கெம்பம்மா ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தாள்.
அழவில்லை, கணக்குச் சொன்னாள்.
ஒன்னு போச்சு.
எங்கண்ணனையும் நீங்க எடுத்துக்கிட்டா ரெண்டு.
ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து மிச்சம் எத்தன ஆம்பள,
நீயே எழுதிப் பாரும்மா.
ஊரே பின்னால் நின்றது.
அப்போதிருந்த எஸ்.ஐ. ஜன்னலைப் பார்த்தார்.
டாக்டர் அவசரத்தில் இருந்தார்.
ரவைக் காயத்துக்கு முள்கிளை என்று பேர் வைத்து
'பாறையில் வழுக்கி விழுந்து' என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகு; எல்லோரும் சொல்வார்கள்.

வருஷக் கடைசியில் ஒரு கட்டம்.
துப்பாக்கியால் இறந்தோர்: இல்லை.
மேலே போயிற்று.
மேலிருப்பவர் கூட்டினார், அவருக்கும் மேலிருப்பவர் வகுத்தார்.
எங்கோ ஒரு சதவீதம் ஒரு மயிரிழை இறங்கியிருக்கும்.
கொழுந்தனாரின் எண்பதில்
எனக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.
அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

பதினாறு எழுதியாயிற்று.
கடைசி ஒன்று, கட்டையில் சைக்கிள் டியூப் சுற்றியது.
மருந்து இருக்கிறதா என்று குச்சி விட்டேன்,
அரை விரல்கூட இறங்கவில்லை.
ஏரிக் களிமண்ணைத் திணித்து
கூரைமேல் போட்டிருக்கிறான்.
ஒரு வருஷ வெயிலில் கல்லாகிக் கிடந்தது.
யாருடையது என்று தெரியும்.
பேர் கேட்க மாட்டோம் என்று
நாங்களே சொல்லிவிட்டோம்.

பதிவேட்டில் 'நிலை' என்றொரு பத்தி.
வாய் அடைக்கப்பட்டுள்ளது
என்று எழுதி,
மை காயும்வரை
மூடாமல் வைத்திருந்தேன்.