கணவாயில் கம்பைலர்

நாரினுக்கு மேலே, கணவாயின் கழுத்தில்
பனிச்சரிவைக் கணக்கிடும் நிலையம்.
அறை மூன்று, அடுப்பு ஒன்று,
போன வாரம் வந்த சர்வர் ஒன்று.
லினக்ஸ் இருக்கிறது. கம்பைலர் இல்லை.

மூலநிரல் இருக்கிறது:
நான் பிறக்குமுன் ஃபோர்ட்ரானில் எழுதிய
ஆறாயிரம் வரி.
நடுவில் எங்கோ ரஷ்ய மொழியில் ஒரு குறிப்பு:
'இது ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை. தொடாதே.'

இணையம் மலையடிவாரத்தோடு நின்றுவிடும்.
பேக்கேஜுகளைப் பென்டிரைவில் இறக்கி
கையுறைக்குள் செருகி
நாலு மணி நேரம் ஏறி வந்தேன்.
கம்பைலர் லிங்கரைக் கேட்டது,
லிங்கர் ஒரு நூலகத்தை,
நூலகமோ
நான் கீழேயே விட்டுவந்த இன்னொன்றை.
பட்டியல் அனுமார் வால்.

குபாத்தின் உள்ளங்கையில் கோப்பின் பெயரை எழுதி
குதிரையில் அனுப்பினேன்.
வியர்வையில் கடைசி எண் கலைந்துபோக,
நாலா ஒன்பதா என்று விளங்காமல்
இரண்டையும் எடுத்துவந்தான்.
ஒன்பது.

இருட்டியபின் பனி கனத்தது.
மணிக்கொரு தரம் குபாத் கோலை ஊன்றி
வாசலிலிருந்தே சொல்வான்: முப்பத்தொன்று. முப்பத்தெட்டு.
திரையில் மட்டும் ஒரே வரி:
தொகுத்ததை இயக்க அனுமதியில்லை.

அனுமதியில்லையா? யார் மறுத்தது?
நிறுவியதைப் பிடுங்கினேன், மறுபடி நிறுவினேன்.
பிஷ்கெக்கில் இருப்பவர்களைத் திட்டினேன்.
நாற்பத்தாறு, என்றான் குபாத்.

தற்காலிக அடைவில் வைத்துத் தொகுத்துக்கொண்டிருந்தேன்.
அங்கே எந்த நிரலும் ஓடக்கூடாதென்று
போன வாரம்
பாதுகாப்புக்காகப் பூட்டியது
நான்தான்.

கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்தினேன். குபாத்திடம் சொல்லவில்லை.

பிறகு அது ஓடத் தொடங்கியது,
மின்விசிறி சீற, வரி வரியாக.
இந்தக் கம்பைலரைத் தொகுத்தது இன்னொரு கம்பைலர்;
அதைத் தொகுத்தது அதற்கு முந்தையது;
எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ ஒருவர்
கம்பைலரே இல்லாமல்
எண்களைக் கையால் எழுதி உட்கார்ந்திருக்க வேண்டும்.
அவருக்காவது அடுப்பு எரிந்ததா?
எங்களுடையது அணைந்திருந்தது.

முடிந்தது.
பிழை பூஜ்யம்.
எச்சரிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு.

ஒன்றைக்கூடப் படிக்காமல் மேலே தள்ளிவிட்டு
நிரலை இயக்கினேன், எண் வந்தது,
ரேடியோவை எடுத்துக் கத்தினேன்:
சாலையை மூடுங்கள், இப்போதே!

மறுமுனையில் ரொட்டி லாரி ஜுமாபெக்,
இன்ஜினை அணைக்காமல்:
'புருலாய், இந்தக் குளிர்காலத்தில்
இது எத்தனையாவது எச்சரிக்கை?
யாரம்மா இதையெல்லாம் கேட்பது?'