ஏழுக்கு ஆறு

லாங்கு பஜார் முனை, மே மாதம்.
தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிறது.
சர்பத் கடை பெஞ்சில் நாங்கள் மூன்று பேர்
உறைபனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடைப் பையன் கேட்டான்:
"ஹாக்கின்னா மட்டை, பந்து. அதுக்கு இன்னாத்துக்கு ஐஸு?"
பாசித் டம்ளரைக் கீழே வைத்தார்.
பந்து இல்லப்பா, கறுப்பு ரப்பர் வில்லை,
அதிரசம் அகலம், பட்டால் பல் போகும்,
காலில் கத்தி கட்டிக்கொண்டு...
பையன் அதற்குள் அடுத்த கிராக்கிக்கு
எலுமிச்சை பிழியப் போய்விட்டான்.

கோல்பெக் என்றொரு ஊர்.
இங்கிலாந்தின் வடக்கில், மழைக்குப் பின்னால்.
கிருபாவதிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி.
பேர்ணாம்பட்டு பாசித்துக்குத் தோல் கிடங்கில் கணக்கு.
நான் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன்.
வேலூர்க்காரர் மூவரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தது
சர்ச்சிலும் இல்லை, பள்ளிவாசலிலும் இல்லை;
பழைய டிராம் கொட்டகையை ஐஸ் அரங்கமாக்கியிருந்தார்கள்,
அதன் வடக்குப் பக்கம், மூன்றாம் படியில்.
"ஐயோ, குளிருதே" என்று எவரோ தமிழில் சொன்னார்.
அவர் நான்தான் என்கிறாள் கிருபாவதி.

அணியின் பெயர் ரேவன்ஸ்.
எங்களுக்கு அண்டங்காக்கா.
முதல் வருஷம் காக்கா ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.
ஒன்பதுக்கு சைபர். பதினான்குக்கு இரண்டு.
ஸ்கோர் பலகையில் ஒற்றை இலக்கத்துக்குத்தான் ஆணி;
எதிரணிக்கு மட்டும் சாக்பீஸில் எழுதினார்கள்.

கூரை ஒழுகும்.
சொட்டின இடமெல்லாம் உறைந்து சின்னச் சின்ன மேடு.
எந்த மேடு எங்கே என்று எங்கள் ஆட்களுக்கு அத்துப்படி.
தடுக்கி விழுந்ததும் எங்கள் ஆட்கள்தான்.

கோல்கீப்பர் டெரெக் பகலில் மீன் விற்பான்.
அவன் கையுறை நாற்றம் இரண்டாம் படிவரை வரும், இது பாசித்.
மூன்றாம் படிவரை, இது நான்.

ஒருநாள் வலைக்கு மேலே பறந்து வந்து
கிருபாவதியின் மடியில் விழுந்தது ஒரு பல்.
மூன்று ஸ்வெட்டர், மேலே சேலை, அதற்கும் மேலே கோட்டு;
அத்தனையோடும் எழுந்து ஓடினாள்,
கேன்டீனில் ஒரு கப் பால் வாங்கி அதில் போட்டாள்,
டாக்டர் வரும்வரை உயிரோடிருக்கட்டும் என்று.
கேன்டீன்காரி அந்தப் பாலை யாருடைய டீயிலோ ஊற்றிவிட்டாள்.
யாருடைய டீ என்பது
இன்றுவரை தீராத வழக்கு.

பிற்பாடு புது அரங்கம் வந்தது, மெத்தை நாற்காலி வந்தது.
கோப்பையும் வந்தது, இரண்டு தரம்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

எங்களுடையது இரண்டாம் வருஷத்து ஜனவரி:
ஏழுக்கு ஆறு.
கடைசி நிமிஷத்தில் அந்த ஏழாவது.
அடித்தது மேக்கி என்கிறார் பாசித்.
மேக்கி அன்று என் வார்டில் குடல்வால் ஆபரேஷன் என்கிறாள் கிருபாவதி.
இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்.
"நீ சொல்லு தயாநிதி, முன்னால நின்னது நீதானே?"

நான் நிற்கவில்லை.
அன்று பதினேழாம் நம்பர் மேட்டில் பனியில் சிக்கி
நாலு பயணிகளோடு பஸ்ஸுக்குள் இருந்தேன்.
மறுநாள் இவர்கள் சொல்லச் சொல்லத் தலையாட்டினேன்.
ஆட்டிய தலை நாற்பத்து மூன்று வருஷமாக
ஆடிக்கொண்டே இருக்கிறது.

"மேக்கி இல்ல" என்றேன். "குட்டையா ஒருத்தன்."

அந்நேரம் ஐஸ் ஃபேக்டரி வண்டி வந்தது.
மரத்தூள் உதறி, கோணி பிரித்து,
பையன் பாளத்தைக் குத்தினான்.
தெறித்த துண்டொன்று ஈரக் கடப்பைக்கல்லில் வழுக்கி
பெஞ்சுக்கு அடியில், பாசித்தின் இரு கால்களுக்கும் நடுவே
வீதியைப் பார்த்துப் போனது.

முட்டி மாற்றிய வலது காலை நீட்டி
செருப்பால் தடுத்தாள் கிருபாவதி.

நான் கத்திய கத்தலில்
எதிர்க்கடை வெங்காயத் தராசு நின்றுபோனது.

"காலை எடும்மா" என்றான் பையன்.
"அது காசு குடுத்து வாங்கனது."