இருபது நிமிடம்

டேனரி ரோட்டில் மூன்றாவது சந்து.
கிடங்குக் கதவைத் தள்ளிக்கொண்டு
சிந்தூரா என்றொரு பெண் வந்தாள்.
வெள்ளைக் கோட்டு, முகமூடி,
கன்னடம் தடவிய தமிழ்.
பையில் ஐந்து தட்டுகள், உள்ளங்கை அகலம்,
அடியில் சிவப்பாக ஏதோ உறைந்திருந்தது.

என்ன இது என்றோம்.
ஆட்டு ரத்தம் கலந்த தீனி என்றாள்.
யாருக்கு?
காற்றில் இருப்பவர்களுக்கு.

ஜைத்தூன் சிரித்துவிட்டாள்.
தோல் எங்களிடம் வருகிறது,
கறி சிவாஜி நகருக்குப் போகிறது,
ரத்தம் எங்கே போகிறதென்று
இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊறல் தொட்டி ஓரத்தில் ஒன்று.
சதை சீவும் மெஷின் பக்கம் ஒன்று.
உப்புத்தோல் அடுக்கின் மேல் ஒன்று.
நான் நிற்கும் தேய்ப்பு அறையில்,
தோல்தூள் கக்கும் சக்கரத்துக்கு முழ தூரத்தில் ஒன்று.
மிஞ்சியதை எங்கே வைப்பதென்று யோசித்து
நாங்கள் சாப்பிடுகிற பெஞ்சில் வைத்தாள், ஃபேனுக்கு நேராக.
மூடிகளைத் திறந்து மணி பார்த்தாள்.
இருபது நிமிடம். யாரும் தட்டின் மேல் பேசாதீர்கள்.

பேசவில்லை.
மூச்சை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

பிறகு படிவம். பெயர், வயது, எத்தனை வருடம்,
மாடி ஏறினால் இளைக்கிறதா,
ஞாயிறு லீவில் இருமல் குறைகிறதா.
ஆரோக்கியம் எப்படி? என்று கேட்டாள்.
மூணு நாளா வரல, என்றோம்
எல்லோரும் ஒரே குரலில்.
அவள் எழுத ஆரம்பித்து, நிறுத்தி,
எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

ஆரோக்கியம் பதினோரு வருடமாகச் சதை சீவுகிறவள்.
பௌரிங் ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயை
போன வாரம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
மேகமாட்டம் இருக்குல்ல, என்று
எங்களுக்குக் காட்டினாள்.

மூன்றாம் நாள் சிந்தூரா போனில் படம் கொண்டுவந்தாள்.
தொட்டித் தட்டில் அறுபத்திரண்டு புள்ளி.
தேய்ப்பு அறையில் நூற்றுப் பத்தொன்பது:
சிலது பச்சை வெல்வெட், சிலது மிளகுப்பொடி,
ஒன்று மட்டும் நல்ல ஆரஞ்சு.
ஜாக்கெட்டுக்கு எடுப்பாக இருக்கும் என்றாள் ஜைத்தூன்.
பெஞ்சுத் தட்டில் இடமே இல்லை.
அதற்கு நேராக இரண்டே சொல்:
எண்ண முடியாதவை.

அந்த ஃபேன்
நாங்கள் கேட்டு வாங்கியது.
இரண்டு கோடை, பதினாறு கையெழுத்து, ஒரு கைநாட்டு,
அரைநாள் கூலி வெட்டு.
நல்ல காத்து ஊருய்யா இது,
பெங்களூர்ல எவன் ஃபேன் போடறான்,
என்று சொல்லிச் சொல்லித்தான்
முதலாளி சுவரில் மாட்டினார்.

கழற்றி ஜன்னலில் திருப்பி வைத்தால்
எல்லாம் வெளியே போய்விடும் என்கிறான் முனிரத்னம்.
ஜன்னலுக்கு வெளியே அங்கன்வாடி, என்கிறாள் ஜைத்தூன்.
அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நிறுத்தி வைத்திருக்கிறோம்.
ஏப்ரல். மூக்கு நுனியிலிருந்து
வேர்வை சோற்றில் சொட்டுகிறது.
ஆரோக்கியத்தின் தூக்கு
அலமாரியில் கழுவிக் கவிழ்த்தபடி.

பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து
டப்பா மூடிகளைத் திறக்கிறோம்.
எங்களுக்கும்
இருபது நிமிடம்தான்.